கோலியர்ஸ் வுட்டுக்கு நான் கொண்டுபோன சிங்கம்

லண்டன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, புடவைகளுக்கு நடுவில் இருந்த வெள்ளைக் கட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "இது என்ன?" என்றார். "சிங்கத்தின் கால்தடம்" என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரை அழைத்தார். அவர் இன்னொருவரை அழைத்தார். இது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தது, சிங்கத்தின் உடம்பிலிருந்து ஒரு முடிகூட இதில் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில் மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் உள்ளங்கையை அந்தத் தடத்தின்மேல் வைத்து அளந்து பார்த்தார்கள். மூன்று கையும் அதற்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு என்னை 'மேடம்' என்று அழைத்து, பெட்டியை அவர்களே மூடிக் கொடுத்தார்கள்.

நான் சென்னைக்கு வெளியே ஒரு மிருகக்காட்சிசாலையில் கல்விப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்வதுதான் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரடி, முதலை, மலைப்பாம்பு எல்லாவற்றையும் பற்றிப் பேசுவேன் என்றாலும், சிங்கம் என்று வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. கூட வேலை பார்ப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரில் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்கள். இதே வேலை செய்பவர்களுக்கு லண்டனில் ஒன்பது நாள் பயிற்சி முகாம் நடந்தது. அதற்குத்தான் வந்தேன்.

தங்கியது கோலியர்ஸ் வுட்டில், வதனி வீட்டில். வதனி யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு திருச்சிக்கு வந்து, கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அவள் கணவர் குணம் அண்ணன், உள்ளூர் கவுன்சிலுக்காக வேன் ஓட்டுகிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பிற்பகல் வீட்டில் விடுகிற வேலை. அதிகம் பேசாத மனிதர். ஒரே மகள் யாழினிக்கு ஏழு வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன.

புதன்கிழமை மாலை நான் போய் இறங்கியதும் வதனி ஆவி பறக்கக் குழாய்ப்புட்டும் நண்டுக் குழம்பும் வைத்தாள். சாப்பிட்ட கையோடு யாழினிக்காகக் கொண்டுபோயிருந்த பரிசை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மிருகக்காட்சிசாலைக் கடையில் விற்கிற வெல்வெட் சிங்கம். கம்பளி நூலில் பிடரி, வால் நுனியில் குஞ்சம். யாழினி அதைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். வதனியின் முகம் மாறியதை நான் கவனித்தேன். பயணக் களைப்பில் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

குணம் அண்ணன் வேலை முடிந்து உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார், அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ" என்றார் என்னிடம், குரலை உயர்த்தாமல். "இந்த வீட்டுக்குள்ள சிங்கம் வேண்டாம்."

பிறகு யாழினியின் கையிலிருந்து அதை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பின்பக்கத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். யாழினி அழுது தீர்த்தாள். அழுகை நின்றபின் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை குணம் அண்ணன் வேலைக்குப் போனபின், வதனி தேங்காய் துருவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"உன்னில பிழை இல்லையடி, சுமதி. உனக்கு எப்படித் தெரியும்? இவருக்கு ஒரு தமையன் இருந்தவர். தவம் எண்டு பேர். ரெண்டு பேரும் சைக்கிளில போகேக்க செக் பொயின்ரில ஆமிக்காரர் மறிச்சு, இவரைப் போ எண்டிட்டாங்கள். அவரை வச்சிட்டாங்கள். இவர் போகேல்லை. றோட்டுக்கு மற்றப் பக்கம் காலமை தொடக்கம் பொழுதுபடும் மட்டும் நிண்டவர். நேர கண்ணுக்கு முன்னால ஒரு போர்ட். அதில வாளோட ஒரு சிங்கப் படம் கீறியிருந்தது. நாள் முழுக்க அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர். தமையன் பிறகு வரவேயில்லை."

"யாழினிக்குத் தெரியுமா?"

"பெரியப்பா எண்டு ஒருத்தர் இருந்தவர் எண்டதே அவளுக்குத் தெரியாது. படத்தைக்கூட இவர் வெளியால எடுக்கிறேல்லை. பிள்ளை என்ன நினைக்கும்? அப்பா பொல்லாதவர் எண்டுதானே நினைக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்குச் சிங்கம் என்றால் அம்மனைச் சுமந்து வருகிற வாகனம், ரூபாய் நோட்டில் இருக்கிற முத்திரை, என் சம்பளம். நம் ஊரில் ஒருவனைப் பாராட்டவேண்டுமென்றால் சிங்கம் மாதிரி இருக்கிறான் என்போம். அது ஒரு நாட்டின் கொடியில் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், அந்தக் கொடிக்குக் கீழே யாரெல்லாம் நிற்கவேண்டியிருந்தது என்பதும் படித்துத் தெரிந்த சமாசாரம்தான். தெரிந்தும் அதையே பரிசாகக் கட்டிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறேன். இன்னும் எட்டு நாளில் நான் ஊருக்குக் கிளம்பிவிடுவேன். அதற்குள் அப்பாவும் மகளும் பேசாவிட்டால் எனக்கு அந்த நாட்டை விட்டு நகர மனம் வராது என்று தோன்றியது.

அன்றிலிருந்து லண்டனில் எங்கே பார்த்தாலும் சிங்கம் என் கண்ணில் பட்டது. வீட்டுக் கதவில் தட்டுகிற வளையத்தைச் சிங்கம் கவ்விக்கொண்டிருந்தது. மதுக்கடைப் பலகையில் சிங்கம். பஸ்ஸில் போகிற பையனின் கால்பந்துச் சட்டையில் மூன்று சிங்கம். குணம் அண்ணன் வைத்திருக்கிற பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அட்டையிலும் ஒன்று. என்னுடைய பாஸ்போர்ட்டில் மூன்று தெரியும், நாலாவது பின்னால் இருக்கிறது. வதனியின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் முட்டைகளில்கூடச் சிவப்பு மையில் ஒரு குட்டிச் சிங்கம் குத்தியிருந்தது.

"இதை அண்ணன் பார்த்ததில்லையா?" என்றேன்.

"நான் முட்டைக் கோதை உடைச்சுக் குப்பைக்குள்ள போட்டிட்டுத்தான் அவருக்குப் பொரிக்கிறனான்" என்றாள் வதனி. "இருபது வருசமா இந்த ஊரில முட்டை முழுசா அவற்ற கண்ணில பட்டதில்லை."

பயிற்சி நடந்தது நகரின் வடக்குப் பக்கம், ஒரு மிருகக்காட்சிசாலைக்குள். அங்கே ஒரு ஆண் சிங்கம் இருந்தது. வயிற்றின் அடியில் நீளமாக மடிந்து தொங்கிய தோலைப் பார்த்ததும் நம் கிர் காட்டு வம்சம் என்று தெரிந்துகொண்டேன். ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. அவனுக்கு அப்படியொன்றும் இல்லை. வியாழனும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன், இரண்டு நாளும் குறட்டைதான்.

அந்தக் கம்பி வேலிக்குப் பக்கத்தில்தான் நயோமியைச் சந்தித்தேன். முப்பது வயதிருக்கும், தலையில் நீலத்துணி கட்டியிருந்தாள். வார நாட்களில் அங்கே என்னைப் போலவே பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யூதப் பிள்ளைகளுக்கு வேதப் பாடம் எடுக்கிறாள். வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், பிறகு ரயில் ஏறமாட்டாள்.

"இந்த ஞாயிறு என் வகுப்பில் சிங்கப் பாடம்" என்றாள் போகிற அவசரத்தில். "எங்கள் போதனையில் வருகிற சிங்கத்தை நான் சொல்கிறேன். காட்டில் இருக்கிற சிங்கத்தை நீங்கள் வந்து சொல்லுங்களேன்."

கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. யாழினியையும் கூட்டிப்போகலாமா என்று வீட்டில் கேட்டேன். குணம் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வதனிதான், "அது படிப்பு. படிப்புக்கு வேண்டாம் எண்டு சொல்லுவியளே?" என்று முடித்து வைத்தாள்.

விம்பிள்டனுக்கு அந்தப் பக்கம், வீடுகளோடு வீடாக ஒரு சிறிய ஜெபக்கூடம். ஞாயிறு காலை குணம் அண்ணன்தான் காரில் கொண்டுவந்து விட்டார். வாசலில் உயரமான இரும்புக் கேட், அதன் முன்னால் ஒரு காவலாளி. எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், பெயர் கேட்டார், கையில் இருந்த தாளில் சரிபார்த்தார். எங்களைக் கடந்து நாலு வயதுக் குழந்தைகள் அந்தக் கேட்டுக்குள் பழகிப்போனவர்களாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கும்பிடப் போகிற இடத்தில் குழந்தைகளுக்கு இவ்வளவு காவலா என்று என் மனம் கனத்தது. குணம் அண்ணனை உள்ளே கூப்பிட்டேன். அவர் கேட்டையே பார்த்தார்.

"நான் காருக்குள்ளயே இருக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

வதனி பிள்ளைகளுக்காக விடியற்காலையில் எழுந்து அறுபது உளுந்து வடை சுட்டுக் கொடுத்திருந்தாள். நயோமி பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, தங்கள் விதிப்படி நடக்கிற சமையலறையில் செய்ததை மட்டும்தான் உள்ளே பரிமாறலாம் என்று மிகவும் சங்கடப்பட்டுச் சொன்னாள். எனக்குக் கோபமே வரவில்லை. எங்கள் பெரிய மாமி வீட்டில் குளிக்காமல் யாரும் அடுப்படிக்குள் கால் வைக்க முடியாது, அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முழுப் பழம் என்றால் தடையில்லை என்றாள். வதனி கூடவே வைத்திருந்த ஆரஞ்சுகள் உள்ளே போயின, வடை காருக்குத் திரும்பியது.

உள்ளே போனதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். கிழக்குச் சுவரில் வேதச் சுருள்களை வைத்திருக்கும் பேழை. நம் கோயில் சன்னதியில் தொங்குவதுபோல் அதன் முன்னால் ஒரு திரை, கருநீல வெல்வெட்டில். அதில் பொன்னிழையால் தைத்த இரண்டு சிங்கங்கள் பின்னங்காலில் எழுந்து நின்று ஒரு கிரீடத்தைத் தாங்கிப் பிடித்திருந்தன. உற்றுப் பார்த்தால் சிங்கத்துக்கு இருக்கவேண்டிய எதுவுமே சரியாக இல்லை. காது நாய்க்காது. முகம் நன்றாகச் சாப்பிட்ட பூனையின் முகம். ஆனாலும் எனக்கு மேல் சிலிர்த்தது.

"இதைத் தைத்தவள் பனி கொட்டுகிற ஊர்க்காரி, வாழ்நாளில் சிங்கத்தைப் பார்த்ததே இல்லை" என்றாள் நயோமி. "அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் இதைப் பெட்டியில் மடித்து எடுத்துவந்தார்கள். வேறு என்ன எடுத்துவந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "துரத்தின ராஜாக்களின் கொடியிலும் சிங்கம்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நிறையப் பேர் கொடியில் இருந்தது" என்றாள் அவள். "அதற்காக அவர்களிடமே விட்டுவிட முடியுமா? எங்கள் தந்தை யாக்கோபு கண் மூடும் முன் தன் மகனைச் சிங்கக்குட்டி என்று அழைத்தார். அப்போதிலிருந்து எங்களிடம் இருக்கிறது."

இருபது பிள்ளைகள் தரைவிரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். யாழினி ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். முதலில் நான். பிளாஸ்டர் தடத்தைச் சுற்றுக்கு விட்டேன். சிங்கத்தின் மீசை முளைக்கிற இடத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும், நம் கைரேகை மாதிரி ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது என்றேன். வால் குஞ்சத்துக்குள் நகம் மாதிரி ஒரு முள் ஒளிந்திருக்கிறது, அது எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது என்றேன். குட்டி பிறக்கும்போது உடம்பெல்லாம் புள்ளியாக இருக்கும். அதன் கர்ஜனை எட்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இதையெல்லாம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கே புதிதாக இருக்கிறது.

பிறகு நயோமி. அவர்கள் புனித மொழியில் சிங்கத்துக்கு ஆறு பெயர் இருக்கிறதாம். அதில் முதல் பெயர் அரி. நம் நிகண்டுகளிலும் சிங்கத்துக்கு அரி என்று ஒரு பெயர் உண்டு. யாரும் உடனே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். மனிதன் சிறுத்தையிடம் துணிவையும் கழுகிடம் லேசாகப் பறப்பதையும் மானிடம் வேகத்தையும் சிங்கத்திடம் வலிமையையும் கற்று, அதையெல்லாம் வானத்துத் தந்தையின் விருப்பத்தைச் செய்யச் செலவிடவேண்டும் என்று அவர்களுடைய ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள். காலையில் தூங்குகிற பிள்ளையை எழுப்பவும் அவர்களுக்குச் சிங்கம்தான். படைத்தவனின் பணிக்கு விடிகாலையில் சிங்கம்போல் எழவேண்டும் என்பது அவர்கள் சட்டத்தின் ஆரம்பமே.

அப்புறம் ஒரு கதை சொன்னாள். ஒரு ரோமப் பேரரசன், ரப்பி என்று அழைக்கப்படுகிற அவர்கள் குரு ஒருவரைக் கூப்பிட்டு, "உங்கள் கடவுளைச் சிங்கம் என்கிறீர்களே, அதில் என்ன பெருமை? என் குதிரைவீரன் ஒருவனே சிங்கத்தைக் கொன்றுவிடுவானே" என்று கேலி செய்தான். ரப்பி, "நாங்கள் சொல்வது அந்தச் சிங்கம் இல்லை. இது பெருங்காட்டுச் சிங்கம்" என்றார். "கூப்பிடு, பார்க்கிறேன்." "பார்க்கத் தாங்கமாட்டீர்கள்." அரசன் விடவில்லை. ரப்பி பிரார்த்தனை செய்தார், சிங்கம் புறப்பட்டது. பல நாள் தூரத்தில் வரும்போதே ஒரு முறை கர்ஜித்தது, ரோமாபுரியின் மதில்கள் விழுந்தன. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இரண்டாம் முறை கர்ஜித்தது, ஊரில் எல்லோருக்கும் பல் கொட்டிவிட்டது, அரசன் சிம்மாசனத்திலிருந்து உருண்டான். "ஐயா, அதைத் திரும்பிப் போகச் சொல்லும்!" என்று கெஞ்சினான். ஒருவரும் அந்தச் சிங்கத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

பல் கொட்டிய இடத்தில் பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். பாதிப் பேருக்கு முன்பல் இல்லை. யாழினியும் பக்கத்துப் பெண்ணும் ஒருவர் ஓட்டையை ஒருவர் காட்டிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதில்கள் விழுகிற சத்தம்தான் காதில் இருந்தது.

கண்ணாடி போட்ட ஒரு பையன் கையைத் தூக்கினான். "சிங்கம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் தூங்கும்?" என்று என்னைக் கேட்டான். "இருபது மணி நேரம்கூடத் தூங்கும்" என்றேன். அவன் நயோமியின் பக்கம் திரும்பினான். "அப்படியென்றால் எழுந்திருப்பதற்குப் போய் ஏன் சிங்கத்தைச் சொன்னார்கள்? சேவலைச் சொல்லியிருக்கலாமே?" நயோமி என்னைப் பார்த்தாள். நான் நயோமியைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. நாளைக் காலை மிருகக்காட்சிசாலைக்குப் பார்வையாளர்கள் வருவதற்கு முன் வந்தால் சிங்கம் எழுந்திருப்பதைப் பார்க்கலாம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று நயோமி என் தலையில் கட்டிவிட்டாள்.

திரும்பும்போது காரில் யாழினி பின்னால், நானும் குணம் அண்ணனும் முன்னால். வடைப் பாத்திரம் பாதி காலியாக இருந்தது.

"அன்ரி, அப்பாட்டச் சொல்லுங்கோ, கிங்குக்குப் பல்லெல்லாம் விழுந்திட்டுது எண்டு" என்றது பின்னிருக்கை.

ஒரு கை தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு நான் சொன்னேன்.

"ராசாமாருக்குப் பல்லு விழுறது நல்லது எண்டு சொல்லுங்கோ" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

அதையும் பின்னால் அனுப்பினேன். பின்னிருக்கையில் ஒரு சிறிய சிரிப்பு கேட்டு உடனே அடங்கியது. விரோதம் விரோதம்தான்.

திங்கட்கிழமை பள்ளி விடுமுறை. யாழினியை ரயிலில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு நிலையத்துக்குப் போனால் கதவு பூட்டிக் கிடந்தது. "இன்று ஓடாது அன்பே, பஸ்ஸில் போ" என்றார் அங்கே நின்ற ஊழியர். எங்கள் ஊரில் ரயில் ஓடாவிட்டால் நாலு பேர் கூடிக் கத்தவாவது செய்வார்கள். இங்கே எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கலைந்துபோனார்கள். பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. யாழினியின் உதடு துடிக்கத் தொடங்கியது. நான் வதனிக்கு போன் செய்தேன். பத்து நிமிடத்தில் குணம் அண்ணனின் கார் வந்து நின்றது. இரவுச் சட்டைக்கு மேல் கோட்டு போட்டிருந்தார்.

"ஏறுங்கோ" என்றார்.

நயோமி பின்பக்க கேட்டைத் திறந்து காரை உள்ளே விட்டாள். குணம் அண்ணன் காரிலேயே இருப்பதாகச் சொன்னார். ஊழியர் முற்றத்தில் வெளியாள் யாரும் தனியாக இருக்கக்கூடாது, கூடவே வாருங்கள் என்று அவள் சொல்லிவிட்டு நடந்தாள். வேறு வழியில்லாமல் எங்கள் பின்னால் வந்தார். வேலி வரை வரவில்லை. பத்தடி பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, செடிகளின் பெயர்ப் பலகையை வாசிக்கத் தொடங்கினார்.

சிங்கம் பாறைமேல் கிடந்தது. யாழினி கைப்பிடிக் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டாள். நயோமி வேலையைப் பார்க்கப் போனாள். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குளிரில் என் மூக்கு நுனி எனக்குச் சொந்தமா என்றே தெரியவில்லை.

முதலில் ஒரு காது திரும்பியது. பிறகு கண் திறந்தது. அது எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் எங்கேயோ இருந்த ஒன்றைப் பார்த்தது. முன்னங்கால்கள் நீண்டன, நகங்கள் வெளியே வந்து பாறையைக் கீறின, பின்னுடல் உயர்ந்தது. வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. வளைந்த நாக்கையும் நாலு பெரிய பற்களையும் கண்டு யாழினி என் புடவையைப் பிடித்தாள். பிறகு அது எழுந்து நின்றது. அவசரமே இல்லை. ஆனால் எழுந்தபின் படுத்திருந்த சுவடு ஒரு மயிரிழையில்கூட மிச்சமில்லை. பாதித் தூக்கத்தோடு சமையலறைக்கு நடந்து வருகிற நாமெல்லாம் எழுந்திருப்பதே இல்லை என்று எனக்குப் பட்டது. சேவல் விடிந்துவிட்டது என்று சொல்லும். இது எழுந்ததால்தான் விடிந்தது போல இருந்தது. கண்ணாடிப் பையனுக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று நினைக்கும்போதே என் கண் நிறைந்துவிட்டது.

அப்போது அது கர்ஜித்தது. தலையைத் தாழ்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகலாகத் தொடங்கி, ஏறி, ஏறி, கைப்பிடிக் கம்பி என் விரலுக்குள் அதிர்ந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. பக்கத்துக் கூண்டுகளில் பறவைகள் வாயடைத்துப் போயின. யாழினி வீறிட்டுத் திரும்பி ஓடினாள். ஓடிப்போய் முட்டிய இடம் அப்பாவின் வயிறு.

குணம் அண்ணன் திரும்பிப் பார்த்தார். மகளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாகச் சிங்கத்தைப் பார்த்தார். அது மறுபடி கர்ஜித்தது, மறுபடியும். அவர் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. பிறகு மகளோடு மெதுவாக நடந்து வேலிக்கு வந்தார்.

"எவ்வளவு பெரிசு" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

யாழினி கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினாள். "அப்பா, ஏன் உங்களுக்குச் சிங்கம் பிடிக்காது?"

நான் தள்ளிப் போகலாமா என்று பார்த்தேன்.

"உனக்கு ஒரு பெரியப்பா இருந்தவர்" என்றார் அவர். "தவம் எண்டு பேர். என்னை விட நாலு வயசு மூப்பு. நல்லா விசில் அடிப்பார். ஒரு நாள் ஆமிக்காரர் அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அந்த இடத்தில ஒரு பலகையில சிங்கம் கீறியிருந்தது. அதை நான் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு எந்தச் சிங்கத்தைக் கண்டாலும் எனக்கு அந்த இடம்தான்."

"இந்தச் சிங்கத்தைப் பாத்தாலும் அந்த இடமா?"

சிங்கம் பாறையின் நுனிவரை நடந்து வந்து நின்றது. மூச்சுவிடும்போது குளிரில் புகை போல வந்தது.

"இல்லை" என்றார். "அவங்கள் கீறினது இதை இல்லை. இதை ஒருத்தராலையும் கீற ஏலாது."

யாழினி தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து நின்றாள். அவர் அந்த இடத்துக்கு வந்து இரண்டு கையையும் கைப்பிடிக் கம்பியில் வைத்தார். அவர் முகம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. சிங்கம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்திலேயே போய்ச் சாய்ந்தது. ஒரு நிமிடத்தில் கண் மூடிவிட்டது.

"இனி எப்ப எழும்பும், தங்கச்சி?"

"சொல்ல முடியாதுண்ணே. மத்தியானம் ஆகலாம். சாயங்காலம்கூட ஆகும். நீங்க வேணும்னா கிளம்புங்க, நான் பஸ்ஸிலயே வந்துக்கிறேன்."

குணம் அண்ணன் கோட்டைக் கழற்றினார். ஈரமாக இருந்த பெஞ்சில் அதை விரித்து, யாழினியை உட்காரவைத்து, இரவுச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பரவாயில்லை" என்றார். "இருந்து பாத்திட்டே போவம்."